ஐரிஷ் இசையில் எது பழையது?

அயர்லாந்தின் நாணயத்தில் யாழ் போன்ற ஹார்ப் என்ற தந்திக் கருவி பொறித்திருக்கிறது. ஆனால் கால்வேயிலோ டப்ளினிலோ ஒரு பப்புக்குள் இரவில் இசை கேட்கப் போனால் பெரும்பாலும் ஹார்ப் கண்ணில் படாது. பிடில், மரப் புல்லாங்குழல், பான்ஜோ, அப்புறம் கிரேக்கத்திலிருந்து வந்த பூசூக்கி என்ற நீள் கழுத்துத் தந்திக் கருவி ஆகியவைதான் இருக்கும். உலகம் முழுக்கத் தெரிந்த ரிவர்டான்ஸ் நடன மேடையோ இன்னொரு விதம். 2023இல் பிரிட்டனின் மெர்க்குரி விருதுப் பட்டியலில் இடம்பெற்ற டப்ளின் குழுவான லங்கத்தைக் கேட்டால், கனத்த ரீங்காரத்துக்கு மேல் பழைய பாடல்களை இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள். இத்தனைக்கும் ‘ஐரிஷ் மரபிசை’ என்று ஒரே பெயர். இதில் எது அசல் என்று புதிதாகக் கேட்பவர் குழம்புவது நியாயம்தான்.

குழப்பம் தீர வேண்டுமானால் ஒவ்வொன்றும் எப்போது வந்தது, எது அதைக் கொண்டுவந்தது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், பழமை என்று நாம் நினைக்கும் பலவும் கடந்த 250 ஆண்டுகளுக்குள் வந்தவை என்று தெரியும். கருவிகள், வாசிக்கும் இடம், குழுவாக வாசிக்கும் வழக்கம், மெட்டுகளில் பெரும்பகுதி எல்லாமே அப்படித்தான். விடாமல் கைமாறி வருவது ஒன்று உண்டு: ஒரு மெட்டைக் காதால் வாங்கி, ஒவ்வொரு சுற்றிலும் சின்னச் சின்னதாக மாற்றி வாசிக்கும் முறை. என் பார்வையில் இந்த மரபின் உயிர் அதில்தான் இருக்கிறது.

## அடிப்படைச் சொற்கள்

1. ட்யூன்: வரிகள் இல்லாத மெட்டு. பெரும்பாலும் இரண்டு பகுதிகள், ஒவ்வொன்றும் எட்டு பார் (தாளத்தின் ஒரு சிறு அளவு) நீளம். ஒவ்வொரு பகுதியையும் இருமுறை வாசித்தால் 32 பார் கொண்ட ஒரு சுற்று முடியும். நடனத்தின் அடிகள் எட்டெட்டு பார்களாகக் கட்டப்பட்டிருப்பதால்தான் இந்த அளவு.

2. ஜிக், ரீல்: நடையை வைத்து வரும் வகைகள். ஜிக் நம் காதுக்குத் திஸ்ர நடை, ரீல் சதுஸ்ர நடை. ஸ்லிப் ஜிக் ஒன்பது எண்ணிக்கையில் ஓடும். ஹார்ன்பைப் ரீலைப் போலவே நாலாக எண்ணப்பட்டாலும் மெதுவாக, துள்ளலோடு போகும். போல்கா, ஸ்லைடு என்ற வேறிரண்டு வகைகள் கார்க், கெர்ரி மாவட்டங்களின் எல்லையில் உள்ள ஷ்லீவ் லூக்ரா பகுதிக்குப் பேர்போனவை.

3. செட்: இரண்டு மூன்று ட்யூன்களை நடுவில் நிறுத்தாமல் கோத்து வாசிப்பது.

4. அலங்காரம்: ரோல், கட், கிரான் என்று பல உண்டு. ஒரு சுரத்தை மேலும் கீழும் உள்ள சுரங்களால் மின்னல் வேகத்தில் தொட்டு வெட்டுவது. எதை எங்கே போடுவது என்று எழுதி வைப்பதில்லை. அது வாசிப்பவரின் முடிவு.

5. ஷான்-நோஸ்: துணைக் கருவி ஏதும் இல்லாமல், தனிக் குரலில், பெரும்பாலும் ஐரிஷ் மொழியில் பாடுவது. மேற்கே கன்னமாராவில் இன்றும் வலுவாக இருக்கிறது. இதன் வரலாறு தனிப் பாதை என்பதால் இங்கே கருவி இசையையே பின்தொடர்கிறேன்.

பழைய வழக்கப்படி இது ஒற்றை மெட்டு இசை. பத்துப் பேர் வாசித்தாலும் பத்துப் பேரும் அதே மெட்டைத்தான் வாசிப்பார்கள். ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்கும் அடுக்குச் சுரங்கள் (கார்டுகள்) பின்னால் ஒட்டிக்கொண்டவை. கர்நாடக இசை கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதாகப் பிடிபடும். ஆனால் ஆலாபனை போல விரித்துச் செல்லும் இடம் இங்கே இல்லை. மாற்றம் எல்லாம் அந்த 32 பாருக்குள்ளேயே நடந்தாக வேண்டும்.

## ஹார்ப் வாசித்தவர்களுக்கு என்ன ஆனது

இடைக்கால அயர்லாந்தில் ஹார்ப் வாசிப்பவர் ஐரிஷ் மொழி பேசிய கேலிக் குறுநிலத் தலைவரின் அவையைச் சேர்ந்தவர். புலவர் எழுதும் புகழ்ப்பாக்களுக்கு அவர்தான் துணை. உலோகத் தந்திகள் கட்டிய கருவியை வளர்த்த விரல் நகங்களால் மீட்டுவார். அது சோறு போட்ட தொழில், பயிற்சியும் கடுமையானது.

1601இல் கின்சேல் போரில் கேலிக் தலைவர்கள் ஆங்கிலேயரிடம் தோற்றார்கள். 1607இல் வடக்கு மாகாணமான அல்ஸ்டரின் பெரிய பிரபுக்கள் கப்பலேறி ஐரோப்பாவுக்குப் போய்விட்டார்கள். அந்தத் தலைவர்களின் அவைகள் கலைந்ததும் இசைஞர்கள் ஊர் ஊராக, மாளிகை மாளிகையாக அலைய வேண்டியதாயிற்று. இந்தக் காலத்தின் மிகப் பெரிய பெயர் டர்லோ ஓ'கரோலன் (1670–1738). பதினெட்டு வயதில் பெரியம்மையால் பார்வை இழந்து, ஹார்ப் கற்று, குதிரையில் நாடு முழுக்கச் சுற்றியவர். விருந்து கொடுத்த வீட்டாரின் பெயரிலேயே மெட்டமைத்தார். அவர் பெயரில் 200க்கும் மேற்பட்ட மெட்டுகள் கிடைத்துள்ளன. அவற்றில் கேலிக் பழமையோடு கொரெல்லி போன்ற இத்தாலிய இசையமைப்பாளர்களின் சாயலும் கலந்திருக்கிறது. ஆக, ‘பழைய ஐரிஷ் இசை’யின் அடையாளமாக நிற்கும் மனிதரே அன்றைய ஐரோப்பியப் புது இசையைக் காது கொடுத்துக் கேட்டவர்.

1792 ஜூலையில் பெல்ஃபாஸ்டில் எஞ்சியிருந்த ஹார்ப் கலைஞர்களைத் திரட்டினார்கள். வந்த ஐரிஷ்காரர்கள் பத்தே பேர். அதில் ஒருவரான டெனிஸ் ஹெம்ப்சன் தொண்ணூறு வயதைத் தாண்டியவர். அவர் ஒருவர்தான் இன்னும் நகத்தால் மீட்டிக்கொண்டிருந்தார். மெட்டுகளை எழுதிக்கொள்ள அமர்த்தப்பட்ட எட்வர்ட் பண்டிங்குக்கு வயது 19. ஆர்கன் பயிற்சி பெற்ற அந்த இளைஞர் பிறகு 1796, 1809, 1840 என மூன்று தொகுப்புகள் வெளியிட்டார். அவர் இல்லாவிட்டால் நமக்கு அந்த இசையில் ஏறத்தாழ ஒன்றுமே மிஞ்சியிருக்காது. அதே சமயம் அவர் அச்சிட்டது பியானோவுக்கு ஏற்ப மாற்றிய வடிவம். மெட்டு தப்பித்தது, வாசிக்கும் முறை போய்விட்டது. இன்று பரவலாக வாசிக்கப்படும் ஐரிஷ் ஹார்ப் நரம்பு அல்லது நைலான் தந்தி கட்டிய 19ஆம் நூற்றாண்டு வார்ப்பின் வாரிசு. உலோகத் தந்தி ஹார்ப்பை மீண்டும் நகத்தால் மீட்டக் கற்றவர்கள் ஏடுகளைப் படித்து, ஊகித்து, புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

## பப்பில் கேட்கும் இசை வேறு வேர்

இன்று மரபிசை என்று காதில் விழுவது பெரும்பாலும் நடன இசை. அதன் வேர் அவையில் இல்லை, சமையலறையிலும் நாற்சந்தியிலும் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் நடன ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய் குடியானவர் பிள்ளைகளுக்கு அடவு சொல்லிக் கொடுத்தார்கள், கூடவே பிடில்காரரோ, பைப் என்ற துருத்திக் குழல் வாசிப்பவரோ போனார். ரீல் ஸ்காட்லாந்திலிருந்து வந்தது. நெப்போலியன் போர்களுக்குப் பிறகு ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் பிரெஞ்சு குவாட்ரில் நடனம் ராணுவத்தினர் வழியாக நுழைந்து, உள்ளூர் ஜிக்கையும் ரீலையும் போட்டு ஆடும் செட் நடனமாக மாறிவிட்டது.

அந்தக் காலத்து ரீல் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே சான்று உண்டு. மேற்கத்திய மெட்டுகளைத் தழுவி முத்துசுவாமி தீட்சிதர் செய்த நோட்டுஸ்வரங்களில் ‘ஜகதீச குருகுஹ’ என்பது ‘லார்ட் மக்டானல்ட்ஸ் ரீல்’ என்ற ஸ்காட்லாந்து மெட்டைத் தழுவியது என்று ஆய்வாளர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். சென்னைக் கோட்டையின் பேண்டுகள் வழியாக இங்கே வந்த அதே ரீல் குடும்பம், அயர்லாந்தில் பிடில்காரர்களின் கையில் வேறொரு வாழ்க்கை வாழ்ந்துகொண்டிருந்தது.

கருவிகள் வந்த வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் இலன் பைப் 18ஆம் நூற்றாண்டில் உருப்பெற்றது. இங்கிலாந்தின் ராபர்ட் கிளார்க் 1843இல் தகரத்தில் மலிவாக டின் விசில் செய்யத் தொடங்கினார். ஆர்கெஸ்ட்ராக்கள் போம் என்பவர் வடிவமைத்த புதிய புல்லாங்குழலுக்கு மாறியபோது பழைய மரப் புல்லாங்குழல்கள் விலை இறங்கி ஏழைகள் கைக்கு வந்தன. கான்செர்டினா என்ற சிறிய கைத் துருத்திக் கருவி இங்கிலாந்தில் பெருவாரியாகச் செய்யப்பட்டு, கிளேர் மாவட்டத்தில், முக்கியமாகப் பெண்கள் மத்தியில் நிலைத்தது. பான்ஜோவின் மூலம் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள்.

## பஞ்சமும் சிகாகோ போலீஸ் தலைவரும்

1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டுப் போனார்கள். 1841இல் 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை 1851இல் 66 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. செத்தவர்களிலும் போனவர்களிலும் பெரும்பாலோர் மேற்கின் ஏழைகள். ஐரிஷ் மொழியையும் இசையையும் சுமந்திருந்தவர்களும் அவர்கள்தான். அடுத்த நூறாண்டு முழுக்க இந்த இசையின் முக்கியமான திருப்பங்கள் அயர்லாந்துக்கு வெளியே நடந்ததற்குக் காரணம் இதுவே.

முதல் திருப்பம் சிகாகோ. கார்க் மாவட்டத்தில் 1848இல் பிறந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல் இளவயதில் கடலோடியாகப் போய், 1873இல் சிகாகோ போலீசில் சேர்ந்து, 1901 முதல் 1905 வரை அதன் தலைவராக இருந்தார். அந்த நகரத்தில் அயர்லாந்தின் எல்லா மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள். ஒரு கிராமத்தில் உட்கார்ந்திருந்தால் வாழ்நாளில் கேட்க முடியாத மெட்டுகளை அவர் ஒரே ஊரில் கேட்டார். 1903இல் 1850 மெட்டுகள், 1907இல் 1001 நடன மெட்டுகள் என்று அச்சிட்டார். பல தலைமுறை வாசிப்பவர்களுக்கு ‘புத்தகம்’ என்றாலே அந்த இரண்டாவது தொகுப்புதான். காதால் மட்டுமே வந்த ஒன்றுக்கு முதல்முறையாக ஒரு பொதுப் பாடம் உண்டானது.

## மூன்று நிமிட இசைத்தட்டு

எல்லா மாற்றங்களிலும் ஆழமானது இதுதான் என்று நினைக்கிறேன். நியூயார்க்கில் கடை வைத்திருந்த எல்லன் ஓ'பைர்ன் டிவிட் என்ற பெண்மணி, வாடிக்கையாளர்கள் ஐரிஷ் நடன இசைத்தட்டு கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்து, கொலம்பியா நிறுவனத்தை நச்சரித்தார். 500 பிரதிகளைத் தானே வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார். 1916இல் அக்கார்டியனும் பான்ஜோவுமாக ஹெர்போர்ன், வீலர் இணை பதிவு செய்தது. தட்டு விற்றுத் தீர்ந்தது. மற்ற நிறுவனங்களும் ஓடி வந்தன.

அந்த அலையில் வந்தவர் மைக்கேல் கோல்மன் (1891–1945). ஸ்லைகோ மாவட்டத்துப் பிடில்காரர், 1914இல் அமெரிக்கா போனவர். 1921 முதல் 1936 வரை பதிவு செய்தார். அவருடைய வில்லில் இருந்த வேகமும் ஒரே ட்யூனைச் சுற்றுக்குச் சுற்று மாற்றும் கற்பனையும் இன்று கேட்டாலும் மலைக்க வைக்கும். ஜேம்ஸ் மாரிசன், பேடி கிலோரன் என்று இன்னும் இரண்டு ஸ்லைகோக்காரர்களும் அதே நகரத்தில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அந்தத் தட்டுகள் அயர்லாந்துக்குப் பார்சலில் திரும்பின. விளைவுகள்:

1. பாணி ஒருமைப்பட்டது. அதுவரை டோனிகோல், ஸ்லைகோ, கிளேர், ஷ்லீவ் லூக்ரா என்று ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனி வில்லோட்டம், தனி மெட்டுத் தொகுதி இருந்தது. ஊரில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள் கோல்மனைக் கேட்டுவிட்டுத் தங்கள் வாசிப்பையே மட்டமாக நினைத்தார்கள். சிலர் பிடிலைக் கீழே வைத்துவிட்டார்கள் என்றுகூடச் சொல்வதுண்டு. எவ்வளவோ நல்லது செய்த தட்டுகள்தான், ஆனாலும் இந்த இழப்பு எனக்கு வலிக்கிறது.

2. செட் கெட்டிப்பட்டது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். அதற்குள் இரண்டு மூன்று ட்யூன்களை அடுக்க வேண்டும். கோல்மன் 1934இல் ‘டார்போல்டன்’, ‘லாங்ஃபர்ட் கலெக்டர்’, ‘செய்லர்ஸ் பானட்’ என்று அடுக்கினார். இன்றும் முதல் ட்யூனை ஒருவர் எடுத்தால் மற்றவர்கள் அதே வரிசையில்தான் தொடர்வார்கள். அந்த முதல் ட்யூனும் ஸ்காட்லாந்திலிருந்து வந்ததே.

3. பியானோ ஒட்டிக்கொண்டது. ஸ்டூடியோக்கள் துணைக்குப் பியானோ வாசிப்பவரை அமர்த்தின. அவர்களில் பலருக்கு மெட்டின் போக்கே பிடிபடவில்லை, தப்பான அடுக்குச் சுரங்கள் காதில் இடிக்கும். ஆனால் துணைக் கருவி வேண்டும் என்ற பழக்கம் அங்கே வேரூன்றியது.

4. கேட்பது வேறு, ஆடுவது வேறு என்றாயிற்று. தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆடவில்லை, கூர்ந்து கேட்டார்கள்.

## வீட்டை விட்டு வெளியே

1893இல் தொடங்கிய கேலிக் லீக் ஐரிஷ் மொழியை மீட்கப் பாடுபட்ட இயக்கம். அது 1897இல் முதல் ‘கெய்லி’ நடன நிகழ்ச்சியை நடத்திய இடம் லண்டன். அந்நிய வேர் என்று சொல்லி செட் நடனங்களை ஒதுக்கி, வேறு நடனங்களைத் தேசிய நடனமாக முன்வைத்தது. மேற்கில் மக்கள் உயிராக ஆடிக்கொண்டிருந்ததை ‘ஐரிஷ் அல்ல’ என்று தள்ளிய முடிவு அது. தவறான முடிவு என்றே சொல்வேன்.

பிறகு 1935இல் பொது நடன அரங்கச் சட்டம் வந்தது. பொது நடனம் நடத்த நீதிமன்ற உரிமம் வேண்டும் என்றது. பல ஊர்களில் பாதிரியார்களும் காவலர்களும் அதை வைத்து வீட்டு நடனங்களையும் நாற்சந்தி நடனங்களையும் நெருக்கினார்கள். நடனம் பெரிய அரங்குகளுக்குப் போனது. அந்தக் கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமே, ஒற்றைப் பிடில் எப்படிப் போதும்? பியானோ, டிரம், அக்கார்டியன் எல்லாம் சேர்ந்த கெய்லி பேண்டுகள் ஓங்கின. கிளேரின் கில்ஃபெனோரா, டுல்லா பேண்டுகள் இன்றும் பேர் சொல்லும்.

பப்பில் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கும் ‘செஷன்’ இதற்கும் பிந்தியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனில் கட்டட வேலைக்குப் போன ஐரிஷ்காரர்கள் சிறு வாடகை அறைகளில் இருந்தார்கள். வாசிக்க இடமில்லை. கேம்டன் டவுன் போன்ற பகுதிகளின் பப்கள் இடம் கொடுத்தன. 1950களிலும் 60களிலும் அந்த வழக்கம் அயர்லாந்துக்கு வந்தது. சுற்றுலா விளம்பரம் யுகயுகமான காட்சியாகக் காட்டும் அதற்கு வயது ஒரு மனித ஆயுள்தான்.

இதன் ஒரு விளைவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சமையலறையில் வாசித்தபோது பெண்களும் வாசித்தார்கள். அன்றைய பப் ஆண்களின் இடம். கில்ரஷ்ஷின் கான்செர்டினா கலைஞர் எலிசபெத் கிராட்டி போலத் தானே பப் நடத்தியவர்களோ, பிடில்காரர் ஜூலியா கிளிஃபர்ட் போன்ற அசாத்தியர்களோ பெயர் பெற்றார்கள். மற்ற பலர் வீட்டோடு நின்றுபோனார்கள். 2018இல் ‘ஃபேர்ப்லே’ என்ற இயக்கம் மரபிசையில் பெண்களுக்கு உரிய இடம் கேட்டுக் கிளம்பியதன் பின்னால் இந்த நீண்ட கதை இருக்கிறது.

## மீட்டவர்களும் மாற்றியவர்களும்

1951இல் மலிங்கர் நகரில் மரபிசையை வளர்க்கும் கோல்டஸ் அமைப்பும் அதன் ‘ஃப்ளா’ விழாவும் தொடங்கின. இன்று அந்த விழாவுக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு வகுப்பு, வயதுவாரியாகப் போட்டி என்று அது அமைத்த ஏற்பாடுதான் இசையை மங்கிவிடாமல் காத்தது. போட்டி என்று வந்தால் நடுவர் ரசிக்கும் பாணி பரவும் என்ற குறையும் கூடவே வந்தது. அதே காலத்தில் வானொலிக்காரர்கள் பதிவு வண்டியோடு கிராமங்களுக்குப் போனார்கள். பைப் கலைஞரான ஷேமஸ் என்னிஸ் அதில் முன்னோடி. அமெரிக்கத் தட்டு அமுக்கிய வட்டாரக் குரல்கள் இதனால்தான் மீண்டும் வெளியே கேட்டன.

பைப்பின் நிலை இன்னும் மோசம். 1968இல் ‘ந பீபரி இலன்’ என்ற பைப் கலைஞர்கள் சங்கம் அமைந்தபோது வாசிக்கத் தெரிந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை. கருவி செய்யவும் நாணல் சீவவும் பயிற்சி கொடுத்தே அதை மீட்டார்கள். 2017இல் இலன் பைப் வாசிப்பு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, 2019இல் ஹார்ப்.

மேடை இசையை மாற்றியவர் ஷான் ஓ ரியாடா (1931–1971). கெய்லி பேண்டுகளின் மொத்தை ஓசையைக் கடுமையாக விமர்சித்தார். அதற்கு மாற்றாக 1960 வாக்கில் ஒரு குழுவை அமைத்தார். ஒருவர் தனியாக எடுப்பார், இன்னொருவர் சேருவார், அதுவரை ஓரத்தில் கிடந்த பவுரான் என்ற கைமேளம் நடுவுக்கு வந்தது, அவரே ஹார்ப்சிகார்ட் என்ற பழைய விசைப்பலகைக் கருவியில் உட்கார்ந்தார். கரோலனின் மெட்டுகள் நடன இசைக்காரர்கள் மத்தியில் பரவியதற்கு இந்தக் குழு பெரும் காரணம். இருநூறு ஆண்டு பழைய மெட்டுகள் 1960களில்தான் இவர்களின் புழக்கத்துக்கு வந்தன! அதே குழுவிலிருந்து 1962இல் கிளைத்தது சீஃப்டன்ஸ் என்ற இசைக் குழு.

பூசூக்கியை 1960களின் நடுவில் கொண்டுவந்தவர் ஜானி மாய்னிஹன். டோனல் லனி அதைத் தட்டை முதுகு வைத்துச் செய்வித்தார். லனியும் கிறிஸ்டி மூர், ஆண்டி இர்வின், பைப் கலைஞர் லியாம் ஓ'ஃப்ளின் ஆகியோரும் சேர்ந்த பிளாங்ஸ்டி குழு 1972இல் தொடங்கியது. ஒற்றை மெட்டுக்குக் கீழே எதிர்மெட்டு நெய்யும் அவர்களுடைய முறைதான் இன்றுவரை குழு இசையின் இலக்கணம்.

## சண்டை எதைப் பற்றி

1994 ஏப்ரல் 30, டப்ளின், யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாடல் போட்டியின் இடைவேளை. பில் வேலன் இசையமைத்த ஏழு நிமிட ரிவர்டான்ஸ் வந்தது. அதில் பால்கன் நாடுகளின் தாளச் சாயலும் இருந்தது. அடுத்த ஆண்டு மிஹால் ஓ சூலவான் வழங்கிய தொலைக்காட்சித் தொடர் ஒன்று மரபு ஒரு நதி, எல்லாம் அதில் கலக்கலாம் என்ற பார்வையை முன்வைத்தது. அக்கார்டியன் கலைஞர் டோனி மக்மஹன் வெளிப்படையாக எதிர்த்தார். 1996இல் டப்ளினில் மரபா புதுமையா என்று தனி மாநாடே நடந்தது.

இரண்டு தரப்பும் பேசியதைப் பிரித்துப் பார்க்கலாம்:

1. ‘கலப்பு கூடாது’ என்ற வாதத்தை வரலாறு ஏற்காது. கலக்காத காலம் ஒன்று இருந்ததாகக் காட்ட முடியாது.

2. ‘ஆகவே எல்லாம் சரி’ என்பதும் சரியல்ல. பழைய கலப்புகள் மெதுவாக நடந்தன. ஊரில் ஆடுபவர்களும் வாசிப்பவர்களும் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று தாங்களே முடிவு செய்தார்கள். குவாட்ரிலை உள்வாங்கி ரீலுக்கு ஆட வைத்தது அவர்கள். மேடைத் தயாரிப்பில் அந்த முடிவு வேறு கைக்குப் போகிறது. மக்மஹனின் கவலையில் எனக்கு உடன்பாடு உள்ள இடம் இதுதான்.

3. இழப்பு நிகழ்வது மெட்டில் இல்லை, வேகத்திலும் நுணுக்கத்திலும். பெரிய மேடைக்காக வேகம் ஏறும்போது ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் உள்ள வித்தியாசம் முதலில் காணாமல் போகும்.

கிளேரைச் சேர்ந்த மார்ட்டின் ஹேஸ் நேர் எதிர்த்திசையில் போனார். வேகத்தைக் குறைத்தார், ட்யூனுக்குள் மூச்சு விட இடம் வைத்தார். அவரும் பியானோ கலைஞர் தாமஸ் பார்ட்லெட் உள்ளிட்டோரும் சேர்ந்த குளோமிங் குழு ஒரு செட்டைச் சில சமயம் கால் மணி நேரத்துக்கும் மேல் வளர்த்ததுண்டு. பியானோ இருக்கிறது, நடனம் இல்லை, ஆனாலும் கிழக்குக் கிளேரின் மெல்லிய சோகம் அப்படியே இருக்கிறது. புதுமைக்கும் ஊர்ப் பாணிக்கும் பகை இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

## எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்

மேலே சொன்னதைக் காதாலேயே சரிபார்க்க இந்த வரிசை உதவும். எல்லாமே இணையத்தில் எளிதாகக் கிடைக்கும்.

1. மைக்கேல் கோல்மனின் ‘டார்போல்டன்’ செட், 1934. பியானோவை விட்டுவிட்டு வில்லை மட்டும் கேளுங்கள். அதே பகுதி இரண்டாம் முறை வரும்போது என்ன மாறியது என்று கவனியுங்கள்.

2. ஜானி டோரனின் இலன் பைப், 1947. வண்டியில் ஊர் ஊராகச் சுற்றிய டிராவலர் சமூகத்துக் கலைஞர். நாட்டார் வழக்காற்று ஆணையம் பதிவு செய்தது. மூன்றாண்டில் இறந்துவிட்டார், இந்தப் பதிவு மட்டும்தான் மிச்சம்.

3. டெனிஸ் மர்ஃபியும் அவர் சகோதரி ஜூலியா கிளிஃபர்டும் சேர்ந்து வாசித்த பிடில், 1969. ஷ்லீவ் லூக்ராவின் போல்காக்களும் ஸ்லைடுகளும். கோல்மனுக்குப் பிறகு கேட்டால் வட்டாரப் பாணி என்றால் என்ன என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

4. பிளாங்ஸ்டியின் முதல் தொகுப்பு, 1973. கரோலனின் மெட்டுகளும் அதில் இருக்கின்றன.

5. குளோமிங்கின் 2014 தொகுப்பு, கடைசியாக லங்கத்தின் 2023 தொகுப்பு. இவை இரண்டையும் முதலிலேயே கேட்டுவிட்டால் கோல்மன் அவசரக்காரராகத் தோன்றிவிடுவார், அதனால் வரிசையை மாற்ற வேண்டாம்.